ஜகார்த்தாவில் புகார், மலேசியாவில் ரத்தான போட்டி: யார் இந்த போப்பி கப்பெல்லா?

பங்சார் தெலாவி பக்கம் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கைப்பேசியில் ஒரு விளம்பரம் வருகிறது: அழகு ராணிப் போட்டி, பதிவு தொடங்கிவிட்டது, படம் அனுப்புங்கள். பக்கத்தில் இருக்கும் தோழி, "போட்டுப் பாரேன், என்ன போச்சு?" என்கிறார். நீங்களும் போடலாம். ஆனால் அந்தப் போட்டியை நடத்துபவர் யார், அந்த உரிமையை அவருக்குக் கொடுத்தது யார் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?

2023 ஆகஸ்டில் இந்தக் கேள்வி மலேசியாவுக்கு நேரடியாகவே வந்தது. மிஸ் யூனிவர்ஸ் தலைமை அமைப்பு ஒரே அறிவிப்பில் இரண்டு நாடுகளைத் தொட்டது. இந்தோனேசியப் பங்காளி நிறுவனத்துடனான உறவை முறித்துக்கொண்டது; நடக்கவிருந்த மிஸ் யூனிவர்ஸ் மலேசியா 2023 போட்டியையும் ரத்து செய்தது. இங்கே யார் மீதும் புகார் இல்லை. ஆனாலும் போட்டி போனது. ஏன்? இரண்டு உரிமங்களும் ஒரே கையில் இருந்தன.

அந்தக் கை யாருடையது?

போப்பி கப்பெல்லா இந்தோனேசியப் பாடகி, தொழில்முனைவர். 2023 தொடக்கத்தில் அவருடைய கப்பெல்லா ஸ்வஸ்திகா கார்யா நிறுவனத்துக்கு மிஸ் யூனிவர்ஸ் இந்தோனேசியா உரிமம் கிடைத்தது. இது சின்ன விஷயம் இல்லை. அதுவரை பல ஆண்டுகளாக இந்தோனேசியாவின் போட்டியாளரை அனுப்பி வந்தது புத்ரி இந்தோனேசியா அறக்கட்டளை. முஸ்திகா ராத்து அழகுசாதன நிறுவனத்தை உருவாக்கிய மூர்யாதி சூடிப்யோவின் பெயரோடு சேர்ந்தே பேசப்படும் அமைப்பு அது. அதன் போட்டி 1992 முதல் நடக்கிறது. அப்படிப்பட்ட பழைய வீட்டிலிருந்து சாவி புதியவர் கைக்கு மாறியது. கூடவே மலேசிய உரிமமும் அவர் நிறுவனத்திடம் வந்தது.

மலேசியாவில் அதற்கு முன்பு பழக்கம் வேறு. முன்னாள் அழகு ராணிகளே தேசிய இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். 2004இல் மகுடம் சூடிய ஆண்ட்ரியா பொன்சேகா, 2003இல் சூடிய எலேன் டேலி இருவரும் அப்படி வந்தவர்கள்தான். மேடையில் நின்றவர்களே நடத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நீச்சலுடையில் ஆயிரம் பேர் முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்பதாவது அவர்களுக்குத் தெரியும்.

ஜகார்த்தாவில் என்ன நடந்தது?

மிஸ் யூனிவர்ஸ் இந்தோனேசியா இறுதிச் சுற்று 2023 ஆகஸ்டு 3ஆம் தேதி நடந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு உடல் பரிசோதனை என்று சொல்லித் தங்களை உள்ளாடையோடு நிற்க வைத்ததாகப் போட்டியாளர்கள் பின்னர் ஜகார்த்தா போலீசில் புகார் கொடுத்தார்கள். தழும்பு இருக்கிறதா, தோலில் கொழுப்புச் சுருக்கம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காம். அந்த இடத்தில் ஆண்களும் இருந்தார்கள், சிலரை மேலாடை இல்லாமல் படம் எடுத்தார்கள் என்பதும் அவர்கள் தரப்புக் குற்றச்சாட்டு.

கப்பெல்லா இதை மறுத்தார். தான் அதில் சம்பந்தப்படவில்லை, யாரையும் அப்படிச் செய்யச் சொல்லவும் இல்லை, அனுமதிக்கவும் இல்லை, எந்த வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கும் எதிரானவள் என்று இன்ஸ்டாகிராமில் எழுதினார்.

தலைமை அமைப்பு நீண்ட நாள் எடுத்துக்கொள்ளவில்லை. இறுதிச் சுற்று முடிந்து பத்து நாளுக்குள் உறவு முறிந்தது. உலகில் எந்த நாட்டு மிஸ் யூனிவர்ஸ் போட்டியிலும் சேர உயரம், எடை, உடல் அளவு எதுவும் கேட்கப்படுவதில்லை என்றும் அந்த அமைப்பு அப்போது சொன்னது. அப்படியானால் அந்த அறையில் நடந்ததாகச் சொல்லப்படும் பரிசோதனைக்கு விதிப்புத்தகத்தில் இடமே இல்லை. பட்டம் வென்ற பெண்ணின் மகுடம் மட்டும் பறிக்கப்படவில்லை. ஆண்டுக் கடைசியில் எல் சால்வடோரில் நடந்த உலகப் போட்டிக்கு அவர் போனார்.

ஒரே ஆளிடம் இவ்வளவு அதிகாரம் எப்படி?

உரிமம் என்பது ஒருவகை வாடகைதான். பெயர், மகுடம், உலக மேடைக்கான நுழைவுச் சீட்டு எல்லாம் தலைமை அமைப்பின் சொத்து. உள்ளூர் ஏற்பாட்டாளர் கட்டணம் கட்டி அவற்றைத் தன் நாட்டில் பயன்படுத்துகிறார். போட்டியாளரான நீங்கள் கையெழுத்துப் போடுவதோ பெரும்பாலும் அந்த உள்ளூர் ஏற்பாட்டாளரோடு மட்டும். நடுவர், தங்குமிடம், உடை, விளம்பரதாரர், வெற்றிக்குப் பிறகு ஓராண்டு வேலை, அத்தனையும் அவர் கையில். மேலே இருப்பவர் தூரத்தில். ஏதாவது நடந்தால் மேலே இருப்பவர் உரிமத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். உங்கள் கையெழுத்து மட்டும் கீழே ஒரு தாளில் கிடக்கும்.

மேலே இருப்பவர்களும் மாறிக்கொண்டேதான் இருக்கிறார்கள். 1996இல் டொனால்ட் டிரம்ப் மிஸ் யூனிவர்ஸை வாங்கினார். அந்த ஆண்டு வென்ற வெனிசுவேலாவின் அலிசியா மச்சாடோ எடை கூடிவிட்டார் என்று உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செய்தியாளர்களைக் கூட்டிப்போய் அவரைக் காட்டியதை இன்றும் யாரும் மறக்கவில்லை. டிரம்ப் 2015இல் விற்றுவிட்டார். 2022 அக்டோபரில் தாய்லாந்தின் ஜேகேஎன் நிறுவனம் 2 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அதன் அப்போதைய தலைவர் ஆன் ஜக்ராஜுதாதிப் ஒரு திருநங்கை. கப்பெல்லாவுக்கு உரிமம் கிடைத்தது இவர் காலத்தில்தான். மணமான பெண்களும் தாய்மார்களும் போட்டியிடலாம் என்ற விதி 2023இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜேகேஎன் கடன் சுமையால் மறுசீரமைப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

இங்கே சர்ச்சை வேறு மாதிரி

மலேசியாவில் அழகு ராணி என்றாலே வரும் சண்டை பெரும்பாலும் சமயம் பற்றியது. 1997இல் சிலாங்கூரில் மிஸ் மலேசியா பெட்டிட் போட்டியில் கலந்துகொண்ட மூன்று முஸ்லிம் பெண்களைச் சமய இலாகா கைது செய்தது, அபராதமும் கட்டினார்கள். கூட்டரசுப் பிரதேசத்தில் முஸ்லிம் பெண்கள் அழகுப் போட்டியில் சேரக் கூடாது என்ற ஃபத்வா 1996 முதல் இருக்கிறது. 2013இல் அன்னா லிம் நடத்திய மிஸ் மலேசியா வேர்ல்ட் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்த நான்கு முஸ்லிம் பெண்கள் இதனால் விலக்கப்பட்டார்கள். அதே ஆண்டு இந்தோனேசியாவிலும் எதிர்ப்பு கிளம்பி, மிஸ் வேர்ல்ட் இறுதிச் சுற்று ஜகார்த்தா பக்கமிருந்து பாலிக்கு மாறியது.

இதில் ஒன்றைக் கவனிக்கலாம். சிலாங்கூரில் கைதாகி நின்றதும் 2013இல் மேடையை இழந்ததும் போட்டியாளர்கள்தான்.

சரி, நம்ம பெண்களுக்கு இதுல என்ன?

நிறைய இருக்கிறது. 2015இல் வனேசா தேவி குமரேஸ் மிஸ் யூனிவர்ஸ் மலேசியா. 2021இல் மருத்துவர் லாவண்யா சிவாஜி மிஸ் வேர்ல்ட் மலேசியா. கிள்ளான் மண்டபத்திலும் பிரிக்பீல்ட்ஸிலும் நடக்கிற சின்னப் போட்டிகளுக்குப் போகும் தங்கச்சிகள் இவர்களைப் பார்த்துத்தான் போகிறார்கள். அந்தச் சின்னப் போட்டிகளில் மேலே தலைமை அமைப்பு என்று எதுவும் இல்லாமலும் இருக்கலாம். யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

சட்டம் கொஞ்சம் மாறியிருக்கிறது. பாலியல் துன்புறுத்தல் எதிர்ப்புச் சட்டம் 2022இன் கீழ் அமைந்த தீர்ப்பாயம் 2024 மார்ச் முதல் இயங்குகிறது. 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்க உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. தண்டனைச் சட்டம் 509ஆவது பிரிவின்படி போலீஸ் புகாரும் செய்யலாம். தாலியான் காசே 15999 எண் 24 மணி நேரமும் திறந்திருக்கும்.

கையெழுத்துக்கு முன்னால் ஏற்பாட்டாளர் நிறுவனத்தின் பெயரை எஸ்எஸ்எம் பதிவில் தேடிப் பாருங்கள். உரிமக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். டிக்கெட் விற்றுத் தர வேண்டுமா, உடைச் செலவு யாருடையது, படங்கள் யாருக்குச் சொந்தம், உடை மாற்றும் அறைக்குள் யார் வரலாம் என்பதெல்லாம் தாளில் இருக்கிறதா பாருங்கள். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்மா" என்று பதில் வந்தால், தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காப்பியைக் குடித்து முடிக்கலாம்.