பதிவேட்டில் ஏறாத வார்த்தை

ஒரு அனுபவத்துக்குப் பெயர் கிடைப்பதும் சரித்திர நிகழ்ச்சிதான். வேலையிடத்தில் பெண்கள் மேலதிகாரிகளிடம் படும் பாலியல் தொல்லைக்கு 1975 வரை ஆங்கிலத்திலும் பரவலான பெயரில்லை. கார்னெல் பல்கலைக்கழக வேலையை அந்தத் தொல்லையால் விட்டு விலகிய கார்மிட்டா வுட் என்பவருக்கு, 'சொந்தக் காரணம்' என்று சொல்லி வேலையின்மை உதவித்தொகை மறுக்கப்பட்டது. அவ்வருஷம் இதாகா நகரப் பெண்கள் கூடிப் பேசித்தான் அந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்தது.

பெயர் வந்த பிறகும் வார்த்தைச் சிக்கல் தீரவில்லை. மெஷல் வின்சன் 1974இல் வாஷிங்டனில் ஒரு வங்கிக் கிளையில் டெல்லர் பயிற்சியாளராகச் சேர்ந்து, உதவி மேனேஜர்வரை தகுதியால் உயர்ந்தவர். கிளை மேனேஜர் தன்னை வற்புறுத்தி உறவுகொண்டதாக வழக்குப் போட்டார், மேனேஜர் மறுத்தார். வங்கி சொன்ன காரணம் ஒன்றே: அளவுக்கு மீறிய மருத்துவ விடுப்பு, அதற்காக 1978இல் பணிநீக்கம். ஏன் புகார் கொடுக்கவில்லை என்று கேட்டது வங்கி. அதன் விதிப்படி முதல் புகாரை மேலதிகாரியிடம் கொடுக்கவேண்டும். மேலதிகாரி அதே மேனேஜர்.

உறவு இருந்திருந்தால் அது அவள் இசைந்ததே என்றது கீழ்க்கோர்ட். 1986இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் கேள்வியையே மாற்றியது: இசைந்தாளா என்பதல்ல, விரும்பினாளா என்பதே விஷயம். வேலைக்குப் பயந்து இசைபவள் விரும்பியவள் அல்ல. அதே தீர்ப்பு, அவள் உடையும் பேச்சும் சாட்சியமாகலாம் என்றும் சொல்லி, திறந்த கதவைப் பாதி சாத்தியது.

நம் சுப்ரீம் கோர்ட்டின் 1997 விசாகா தீர்ப்பும் 2013 சட்டமும் இந்த விருப்பமின்மையையே அளவுகோலாகக் கொண்டன. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் குழு வேண்டும். தலைமை மூத்த பெண் ஊழியருக்கு. புகார் மூன்று மாதத்துக்குள், எழுத்தில். வின்சன் முட்டிக்கொண்ட சுவரில் இது ஒரு வாசல்.

ஆனால் தமிழில் நாம் எழுதுவது 'விரும்பத்தகாத நடத்தை' என்று. கல்வீச்சும் நமக்கு விரும்பத்தகாத சம்பவம்தான். யார் விரும்பத்தகாதது? ஊர், நிர்வாகம், கௌரவம். 'அவள் விரும்பாத' என்று எழுதினால்தான் அவள் வாக்கியத்துக்குள் வருகிறாள். நல்ல தமிழ் என்று நாம் பழகிவிட்ட அந்த எழுவாயற்ற வாக்கியம் அலுவலகங்களுக்கு மிக வசதியானது. அதில் குற்றம் நடந்துவிடுகிறது. எவரும் செய்வதில்லை, எவளும் படுவதில்லை.