சிறியன பிழைத்த காலம்



எங்கள் தொண்டாமுத்தூர்ப் பக்கத்தில் வாழைத்தோட்டம் வைத்திருப்போருக்கு யானையைப் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இரவில் மலைச்சாரலிலிருந்து இறங்கி, விடிவதற்குள் ஒரு குடியானவனின் ஓராண்டு உழைப்பைத் தின்று தீர்த்துவிடும். நிலத்தில் இன்று அதற்கு மிஞ்சிய பிராணி இல்லை. எனினும், அதன் மூதாதையர் மூஞ்சூறு போலப் புதர்களில் பதுங்கித் திரிந்த காலம் ஒன்று இருந்தது.

டினோசர்கள் அழிந்த பின்னரே பாலூட்டிகள் தோன்றின என்று பலர் கருதுகின்றனர். அஃது உண்மையன்று. 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இரண்டும் இருந்தன. தெலங்கானாவிலுள்ள நஸ்கல் என்னும் ஊரில், எரிமலைப் பாறைகளின் இடையே அகப்பட்ட படிவுகளில், அரிசி மணியினும் சிறிய பற்கள் சில கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த பிரசாத், அசோக் சாஹ்னி ஆகிய இருவரும் 1988-இல் அப்பிராணிக்கு ‘டெக்கனோலெஸ்டிஸ்’ எனப் பெயரிட்டனர். ‘தக்காணத்துத் திருடன்’ என்று பொருள் கொள்ளலாம். டினோசர்கள் உலவிய நாளில் நம் நாட்டில் வாழ்ந்த எலியொத்த பாலூட்டி அது.

6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், ஏறக்குறைய 10 கிலோமீட்டர் குறுக்களவுள்ள விண்கல் ஒன்று மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் வீழ்ந்தது. அதே காலப்பகுதியில் தக்காணத்திலும் எரிமலைக் குழம்பு பொங்கிப் பரவிக்கொண்டிருந்தது. அழிவில் இதன் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞரிடையே இன்னும் வழக்கு உண்டு. விண்கல்லே தலைமைக் காரணம் என்பர் பெரும்பாலோர். புழுதி கதிரவனை மறைத்தது, செடிகொடிகள் கருகின, தழை தின்னும் பேருருவங்கள் பட்டினியால் மாண்டன, அவற்றைத் தின்றவையும் மாண்டன. வளைக்குள் ஒடுங்கி, பூச்சியும் விதையும் கொறித்து, சிற்றுணவால் உயிர் தாங்கியவற்றுள் சில பிழைத்தன. பாலூட்டிகளிலும் பெரும்பகுதி மடிந்தே போயிற்று. ஆகவே, அவை ‘வென்றன’ என்னும் சொல்லை நான் வகுப்பறையில் விரும்பியதில்லை. டினோசர் மரபில் ஒரு கிளையும் பிழைத்தது. நம் வீட்டுக் கோழி அக்கிளையினதே.

பின்னர் நேர்ந்ததை அமெரிக்காவின் கொலராடோப் பாறைகள் ஓரளவு வரிசையாகவே காட்டுகின்றன. 2019-இல் வெளியான ஆராய்ச்சியின்படி, 7 இலட்சம் ஆண்டுகளில் 50 கிலோ எடையுள்ள பாலூட்டிகள் அங்கே தோன்றிவிட்டன. அதே காலத்துப் பாறையில் அவரைக் குடும்பத்துக் காய்களும் உள்ளன. மொச்சையும் தட்டைப்பயறும் உண்டு வளர்ந்த நமக்கு இதில் வியப்பென்ன! யானைக்குலத்தின் மிகப் பழைய எச்சம் மொரோக்கோவில் கிடைத்தது. 6 கோடி ஆண்டுக்கு முற்பட்ட அப்பிராணி சுமார் 5 கிலோ எடையே இருந்தது.

சில பாலூட்டிகள் கடலுக்கும் திரும்பின. புவியியலாளர் ரங்கராவ் காஷ்மீரத்துக் காலாகோட்டில் திரட்டிய கற்கள், அவர் மறைவுக்குப் பின் தெவிசன் என்னும் அறிஞரிடம் சேர்ந்தன. ஆய்வுக்கூடத்தில் ஒரு மண்டையோடு தற்செயலாக உடைந்தது. உள்ளே தெரிந்த செவியெலும்பு திமிங்கிலத்தின் செவியெலும்பை ஒத்திருந்தது. சிறு மான் போன்ற அந்த இந்தோஹையஸ் திமிங்கிலத்தின் நெருங்கிய உறவு என்பது 2007-இல் வெளியாயிற்று.