பசையும் நூலும்

கையால் செய்தது என்பதற்காகவே ஒரு பொருளுக்கு உயர்வு கற்பிப்பது வழக்கமாகிவிட்டது. இயந்திரம் ஒரே மாதிரியானவற்றைப் பெருக்குகிறது, கை தனித்தன்மையைக் காப்பாற்றுகிறது என்ற நம்பிக்கை இதற்குப் பின்னால் இருக்கிறது. வாழ்த்து அட்டையின் சரித்திரத்தைச் சற்று அருகில் போய்ப் பார்த்தால் இந்த நம்பிக்கை நிற்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், இரண்டு வீடுகளில் இரண்டு பெண்கள் காகிதம், கத்தரிக்கோல், பசை, ஊசி, நூல் ஆகியவற்றோடு வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் கை இயந்திரத்தைப் போலவே பெருக்கியது. இன்னொரு வீட்டில் ஒரே ஒரு பிரதியோடு நின்றுகொண்டது. இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்காமல் கைவேலை பற்றிப் பேசுவது பாதிப் பேச்சுதான்.

முதலில் தபால். 1840-ல் பிரிட்டனில் ஒரு பென்னித் தபால் வந்தது. அதற்கு முன் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பார்த்துக் கட்டணம் விதித்தார்கள். பெரும்பாலும் பெறுபவர்தான் காசு கொடுக்க வேண்டும். உறையையும் ஒரு தாளாகக் கணக்கிட்டதால் உறைக்குள் எதையாவது வைத்து அனுப்புவது வீண்செலவு. எடைக்குக் கட்டணம் என்று ஆனதும் உறை மலிந்தது. உறைக்குள் வைக்க அலங்காரமான ஒன்று தேவைப்பட்டது. 1843-ல் ஹென்றி கோல் என்ற அதிகாரி, தம் நண்பர்களுக்குத் தனித்தனியே கடிதம் எழுத நேரமில்லாமல், ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக்கொண்டு கிறிஸ்துமஸ் அட்டை ஒன்றை வரையச் செய்தார். மிஞ்சியவை ஒரு ஷில்லிங்குக்கு விற்பனைக்கு வந்தன. கல்லச்சில் எடுத்த அந்த அட்டைகளுக்கு வண்ணம் கையால் தீட்டப்பட்டது. கடிதம் எழுத நேரமில்லாத ஒருவருக்காகப் பெயர் தெரியாத கை வண்ணம் தீட்டுவது என்ற ஏற்பாடு வாழ்த்து அட்டையின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் 1845-ம் ஆண்டுச் சட்டம் எடைக் கணக்கைக் கொண்டுவந்தது. அரை அவுன்ஸ் கடிதம் 300 மைலுக்குள் 5 சென்ட். 1851-ல் முன்கட்டணமாக 3 சென்ட் கொடுத்தால் 3000 மைல் வரை போகும் என்றானது.

அடுத்து, காகிதச் சரிகை. லண்டன் காகித வியாபாரிகள் உலோக அச்சின்மேல் தாளை வைத்து அழுத்திப் புடைப்பு வேலை செய்துவந்தார்கள். புடைத்து நிற்கும் இடங்களை நுண்ணிய அரத்தால் தேய்த்துவிட்டால் அங்கே துளை விழுந்து, தாள் சரிகைத் துணிபோல ஆகிவிடும். 1830களில் இந்த உத்தி பரவியது. பிப்ரவரி 14-ம் தேதி காதலர்களும் நண்பர்களும் அனுப்பிக்கொள்ளும் வாலண்டைன் அட்டைக்கு இந்தச் சரிகைத்தாள் ஓர் ஆடையைப் போல அமைந்தது.

எஸ்தர் ஹௌலண்ட் 1828-ல் வூஸ்டர் நகரத்தில் பிறந்தவர். தகப்பனார் புத்தகமும் எழுதுபொருளும் விற்பவர். மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்விக்கூடத்தில் படித்து 1847-ல் வெளியே வந்தார். அந்தச் சமயத்தில் தகப்பனாரின் வியாபாரத் தொடர்பு வழியாக இங்கிலாந்திலிருந்து வந்த சரிகை வாலண்டைன் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. இதைத் தன்னாலும் செய்ய முடியும் என்று பட்டது. சரிகைத்தாளும் பூப்படங்களும் தகப்பனார் மூலம் வரவழைத்து, ஒரு டஜன் மாதிரி செய்து, ஊர்ஊராக விற்கப்போகும் அண்ணனின் பெட்டியில் வைத்தனுப்பினார். 200 டாலருக்கு ஆர்டர் வந்தால் போதும் என்று அவர் எதிர்பார்த்ததாகவும், அண்ணன் 5000 டாலருக்கு மேல் கொண்டுவந்ததாகவும் சொல்லப்படுகிறது.

தனியொருத்தியால் முடிகிற வேலை இல்லை. சிநேகிதிகளை அழைத்து வீட்டின் மூன்றாம் மாடியில் நீண்ட மேஜையைச் சுற்றி உட்காரவைத்தார். ஒருத்தி படங்களை வெட்டுவாள். இன்னொருத்தி பின்னணித் தாளை ஒட்டுவாள். அடுத்தவள் அதன்மேல் சரிகையை வைப்பாள். எதிரே எஸ்தர் செய்துவைத்த மாதிரி இருக்கும், அதிலிருந்து மாறக்கூடாது. பின்னால் வேலை பெருகியபோது, ஓர் அட்டைக்கு வேண்டிய தாள், பூ, சரிகை எல்லாவற்றையும் மாதிரியோடு ஒரு பெட்டியில் போட்டு, வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்களுக்கு வண்டியில் அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து வண்டி திரும்பி வரும். எஸ்தர் ஒவ்வொன்றையும் பார்த்துக் கழிப்பார் அல்லது எடுப்பார்.

அழகுணர்வில் அவரைக் குறைத்து மதிப்பிட முடியாது. வெள்ளைச் சரிகைக்கு அடியில் சிறு வண்ணக் காகிதத்துண்டு ஒன்றை ஒட்டினால் சரிகையின் துளைகள் துலங்கும் என்று கண்டார். சரிகைகளைக் காகித மடிப்புகளின்மேல் தூக்கி நிறுத்தி ஆழம் கொடுத்தார். அட்டையின் பின்புறம் சிவப்பில் எச் என்ற ஒற்றை எழுத்து இருக்கும். அது ஹௌலண்டின் எச். ஒட்டியவளுக்கு எழுத்துக் கிடையாது.

ஆக, இது முழுக்கக் கைவேலை. முழுக்கத் தொழிற்சாலையும்கூட. வேலையைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கொன்றாய்க் கொடுப்பதற்கு நீராவியோ சக்கரமோ தேவைப்படவில்லை. மேஜையும் மாதிரியும் போதுமாக இருந்தன. வாங்குகிறவன் அட்டையைத் தொட்டு, ஒரு கை எனக்காக மெனக்கெட்டிருக்கிறது என்று உணர்கிறான். அந்த உணர்வு பொய்யல்ல. ஆனால் அந்தக் கைக்கு அவனைத் தெரியாது, அவன் காதலியையும் தெரியாது.

எஸ்தர் படித்து முடித்த அதே 1847-ல், செப்டம்பர் இறுதியில், அதே மவுண்ட் ஹோலியோக்கில் ஆம்ஹர்ஸ்ட் ஊரிலிருந்து பதினாறு வயதுப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். எமிலி டிக்கின்ஸன். சில மாத இடைவெளியில் இருவரும் ஒருவரையொருவர் தவறவிட்டார்கள். 1848 பிப்ரவரியில் எமிலி தன் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில், கல்விக்கூடத்தின் தலைவி மேரி லயன் கூடத்தில் எழுந்து நின்று வாலண்டைன்கள் அனுப்புவதைத் தடைசெய்ததையும், முந்தைய வருஷத்து அனுபவமுள்ள பெண்கள் விடுமுறையிலேயே எழுதிக் கொடுத்து வைத்துவிட்டதால் தடை வருமுன் சுமார் 150 வாலண்டைன்கள் போய்ச்சேர்ந்துவிட்டதையும் சொல்கிறாள். எமிலிக்கு வாலண்டைன்மீது வெறுப்பு இல்லை. 1850 பிப்ரவரியில் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி மாணவர் பத்திரிகை அவளுடைய வாலண்டைன் கடிதம் ஒன்றை வெளியிட்டது. 1852-ல் ஸ்பிரிங்ஃபீல்டு தினசரி ஒன்றில் பெயரில்லாமல் வந்த, அச்சில் ஏறிய அவளுடைய முதல் கவிதையும் ஒரு வாலண்டைன்தான்.

பிறகு அவள் அந்த வழியைத் தொடரவில்லை. சுமார் 1858-லிருந்து ஆறேழு வருஷங்கள், கடையில் வாங்கிய சாதாரண எழுதுதாள்களில் கவிதைகளைப் படியெடுத்து, மடித்த தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரத்தில் இரண்டு துளையிட்டு, நூலால் கட்டினாள். இப்படி 40 சிறு ஏடுகள். 800-க்கும் மேற்பட்ட கவிதைகள். முகப்பு, தலைப்பு, பெயர், தேதி எதுவும் இல்லை. 1886-ல் அவள் இறந்தபின் தங்கை லவீனியா கண்டெடுக்கும்வரை இந்த ஏடுகள் இருப்பது வெளியே தெரியாது. ஏறக்குறைய 1800 கவிதைகள் எழுதியவள் வாழ்நாளில் அச்சில் பார்த்தவை சுமார் பத்து.

இரண்டு வீடுகளுக்கும் இடையே தபால் ஒருமுறை போயிற்று எனலாம். 1862 ஏப்ரலில், தாமஸ் ஹிக்கின்ஸன் என்ற எழுத்தாளருக்கு, தன் கவிதைகளில் உயிர் இருக்கிறதா என்று கேட்டு, நான்கு கவிதைகளோடு எமிலி எழுதினாள். அவர் அப்போது குடியிருந்தது வூஸ்டரில். எஸ்தரின் மேஜைகளில் சரிகை ஒட்டிக்கொண்டிருந்த அதே ஊர். கடிதத்தில் எமிலி கையெழுத்திடவில்லை. உள்ளே இன்னொரு சிறு உறை. அதற்குள் ஓர் அட்டை. அட்டையில் பென்சிலில் அவள் பெயர். அட்டைமேல் எழுதவேண்டியது இவ்வளவுதான் என்று அவள் முடிவுசெய்திருந்தாள்.

இனி முக்கியமான இடத்துக்கு வரலாம். எஸ்தர் வாசகத்தை அட்டையின் முகப்பிலிருந்து எடுத்து உள்ளே தனித் தாளாக ஒட்டினார். 1879-ல் அவருடைய கம்பெனி ஒரு செய்யுள் புத்தகம் வெளியிட்டது. 131 செய்யுள்கள், பல அளவுகளில், பல வண்ண மையில். அட்டை பிடித்து, உள்ளிருக்கும் செய்யுள் பிடிக்கவில்லை என்றால், புத்தகத்திலிருந்து வேறொன்றைத் தேர்ந்து வெட்டி, பழையதன்மேல் ஒட்டிவிடலாம். பொங்கல் வாழ்த்து அட்டையில் அச்சிட்டிருக்கும் நாலு வரிகளுக்குக் கீழே பெயரெழுதி அனுப்பிப் பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தோன்றாது. ஆனால் யோசித்தால் இது பெரிய விஷயம். கவிதை, கழற்றி மாட்டக்கூடிய உதிரி பாகம் ஆகிவிட்டது. எந்தச் சரிகைக்குள்ளும் எந்தச் செய்யுளும் பொருந்தும். ஏனென்றால் எந்தச் செய்யுளும் எவருடைய உணர்வையும் குறிப்பாகச் சொல்வதில்லை.

எமிலியின் ஏடுகளிலும் மாற்றுச் சொற்கள் உண்டு. ஒரு சொல்லின் பக்கத்தில் சிறு கூட்டல் குறி. பக்கத்தின் அடியில் அதே குறியோடு வேறொரு சொல், சில சமயம் இரண்டு, மூன்று. எது இறுதியானது என்று அவள் சொல்வதில்லை, எதையும் அடிப்பதுமில்லை. மேலோட்டமாக இரண்டும் ஒரே ஏற்பாடு போலத் தெரியும். வூஸ்டரின் மாற்று, வாங்குகிறவன் யோசிக்காமலிருக்க உதவுகிறது. பழைய செய்யுள் பசைக்கு அடியில் மறைந்துவிடுகிறது. ஆம்ஹர்ஸ்டின் மாற்று எதையும் மறைப்பதில்லை. ஒரு சொல்லை எடுத்தால் கவிதை ஒரு பக்கம் சாய்கிறது, இன்னொன்றை எடுத்தால் மறுபக்கம். இரண்டு சாய்வுகளையும் சேர்த்துத் தாங்குவது வாசகனின் வேலையாகிறது. அவள் காலத்து அச்சுப் பக்கத்தில் இதற்கு இடமில்லை. கையெழுத்துக்கு இருந்தது. அவளுக்குக் கைவேலை அலங்காரமாக இல்லாமல் தேவையாக ஆனது இந்த இடத்தில்தான்.

1890-ல் என்ன நடந்தது என்பது இதை உறுதிப்படுத்துகிறது. மேபல் லூமிஸ் டாடும் ஹிக்கின்ஸனும் பதிப்பித்த முதல் தொகுதி, கிறிஸ்துமஸ் பரிசுக் காலத்துக்குச் சற்று முன், நவம்பர் 12-ம் தேதி வெளிவந்தது. அட்டையில் வெள்ளி நிறத்தில் ஒரு காட்டுப்பூ. பல கவிதைகளுக்குத் தலைப்புக் கொடுத்தார்கள், நிறுத்தக்குறிகளைத் திருத்தினார்கள், சில இடங்களில் எதுகையைச் சீர்செய்தார்கள், மாற்றுச் சொற்களில் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை விட்டார்கள். வாழ்க்கை, காதல், இயற்கை, காலமும் நித்தியமும் என்று நான்கு தலைப்புகளில் அடுக்கினார்கள். சந்தர்ப்பத்துக்கு ஏற்ற செய்யுளைத் தேடி எடுக்க வசதியான அடுக்கு. படியெடுக்கும் வேலையில் ஏடுகளின் கட்டும் பிரிக்கப்பட்டது. நூல் போய்ப் பசை வந்தது என்று சொல்லலாம். ஆனாலும் இந்தத் தொகுதி இல்லாவிட்டால் எமிலி நமக்குக் கிடைத்திருப்பாளா என்பதையும் யோசிக்கவேண்டும். ஏடுகளின் பழைய வரிசையைக் கண்டறிந்து ஆர். டபிள்யூ. ஃபிராங்க்ளின் புகைப்படப் பிரதியாக வெளியிட 1981 வரை ஆயிற்று.

இதை வைத்து எஸ்தரை வியாபாரி என்றும் எமிலியைத் தூய கலைஞர் என்றும் தீர்ப்பெழுதுவது சுலபம், ஆனால் நியாயமில்லை. பெண்கள் சொந்தமாகத் தொழில் நடத்துவது அரிதாக இருந்த காலத்தில் எஸ்தர் முப்பது வருஷம் நடத்தினார். பல பெண்களுக்குக் கூலி கிடைத்தது. காதல் அட்டைகளில் பிழைத்தவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நோயுற்ற தகப்பனாரைக் கவனிப்பதற்காக 1880களின் தொடக்கத்தில் ஜார்ஜ் விட்னி என்பவரிடம் தொழிலை விற்றுவிட்டார். அந்தக் கம்பெனி 1942-ல், யுத்தகாலக் காகிதப் பஞ்சத்தில் மூடியது. எமிலியின் தனிமைக்கும் ஒரு விலை இருந்தது. அதை முழுக்க அவள் கொடுக்கவில்லை. 1869-லிருந்து அந்த வீட்டின் கடின வேலைகளைச் செய்தவர் மார்கரெட் மாஹர் என்ற அயர்லாந்துப் பெண். ஒருவர் ஒரே பிரதியோடு நிற்பதற்கும் இன்னொருவர் கை உழைக்க வேண்டியிருக்கிறது.

எனவே கையா இயந்திரமா என்ற கேள்வி இங்கே உதவாது. கை மாதிரியைப் பார்த்து வேலை செய்கிறதா, மாதிரி இல்லாத ஒன்றை நோக்கிப் போகிறதா என்பது கேள்வி. எமிலியும் வெட்டி ஒட்டியவள்தான். பிற்காலத்தில் பிரித்த தபால் உறைகளின் துண்டுகளில் எழுதினாள். கூரைவீட்டின் வடிவத்தில் அமைந்த ஓர் உறைத்துண்டில், நம்பிக்கை வீடு கட்டும் விதத்தைப் பற்றிய கவிதை இருக்கிறது. இன்னொரு தாளில், ரயில் எஞ்சின் படம் போட்ட 3 சென்ட் தபால்தலை ஒன்றைப் பக்கவாட்டில் திருப்பி ஒட்டியிருக்கிறாள். 1869-ல் வெளியான தலை அது. பத்திரிகையிலிருந்து கத்தரித்த இரண்டு மெல்லிய துண்டுகளும் அதோடு ஒட்டியிருக்கின்றன: ஒன்றில் ஜார்ஜ் ஸாண்ட் என்ற பெயர், மற்றதில் அவருடைய நாவல் ஒன்றின் தலைப்பு. தன் இடத்தைச் சிலந்தி வந்து பிடித்துக்கொண்டதைச் சொல்லும் கவிதையை, தபால்தலையைச் சுற்றி, அது விட்ட இடத்தில் வளைத்து எழுதியிருக்கிறாள். தாள், தலை, கத்தரித்த துண்டு, பசை: வூஸ்டர் மேஜையின் சாமான்கள் எல்லாம் இருக்கின்றன. தபால்தலையும் ஒட்டியாயிற்று. முகவரிக்கு உரிய இடத்தில் கவிதை இருக்கிறது.