வேட்டுவன் சுமை: செட்டிகுளக் காட்டை முன்வைத்து ஒரு நோக்கு

வேட்டையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் ஆயுதத்தின் வரலாற்றையே எழுதியுள்ளனர். கல்லாயுதம், வில்லும் அம்பும், இடியன் துவக்கு, தோட்டாத் துவக்கு என்று அவ்வரலாறு படிப்படியாக நகரும். கொல்லப்பட்ட விலங்கு காட்டிலிருந்து வீட்டுக்கு எவ்வாறு வந்தது என்ற வினாவை எழுப்பியோர் மிகச் சிலர். மானை வீழ்த்துவது ஒரு கணப்பொழுதுச் செயல். அதனை முட்செடிகளினூடே பல கல் தொலைவு கொண்டு வருவதோ அரைநாள் உழைப்பு. வெப்பமண்டலத்தில் இறைச்சி சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். ஆகவே ஒருவன் எவ்வளவு தொலைவு சென்று, எத்தனை விலங்குகளை வேட்டையாடலாம் என்பதைத் தீர்மானித்தது அவன் கையிலிருந்த ஆயுதமன்று. அவன் தோளிலிருந்த காவுசாதனமே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. வன்னியின் தென்மேற்கே, அருவியாற்றுக்கு அணித்தாக அமைந்த செட்டிகுளப் பகுதியையும் அதனைச் சூழ்ந்த காட்டையும் முன்வைத்து இக்கருத்து ஈண்டு ஆராயப்படுகின்றது.

நமது இலக்கியத்திலேயே இவ்விடர்ப்பாடு மிகத் துல்லியமாகப் பதிவாகியுள்ளது. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் வரும் கண்ணப்பர் வரலாற்றைப் பக்திக் கண்கொண்டு படிப்போர் ஒரு செய்தியைக் கவனியாது விட்டுவிடுவர். திண்ணனார் பக்குவப்படுத்திய ஊனை இலையாலான கல்லையிலே ஏந்துகிறார். மற்றக் கையிலே வில் இருக்கின்றது. நீரைக் கொண்டு செல்லக் கை இல்லை. ஆதலின் வாயிலே நிரப்புகிறார். பூவைக் கொண்டு செல்லவும் கை இல்லை; ஆதலின் தலைமயிரிலே செருகுகிறார். ஆகம முறைக்கு மாறான வழிபாடென்று பின்னர் சிவகோசரியாரைத் திடுக்கிடச் செய்தவற்றுள் ஒரு பகுதி, உண்மையில் பையொன்று இல்லாத வேட்டுவனின் சங்கடமே. சேக்கிழார் இதனைக் கருதிப் பாடினாரோ என்று கேட்பது வீண். ஆனால் வேட்டுவனின் இரு கைகளும் வில்லுக்கே உரியவை, பிறவற்றுக்கு உடம்பின் வேறு உறுப்புகளையே நாடவேண்டும் என்ற நடைமுறையை அவர் நன்கு அறிந்திருந்தார் என்பதில் ஐயமில்லை. அக்கதையிலேயே கொல்லப்பட்ட பன்றியைப் பொன்முகலி ஆற்றங்கரைக்குக் கொண்டுவர நாணன், காடன் என்னும் இருவர் உடனிருந்தனர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

வன்னிக் காட்டுக்கு வருவோம். இப்பகுதியின் வழியே சுமையோடு நடந்து, அச்சுமையில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எழுதிவைத்துச் சென்றவர் ஓர் ஆங்கிலேயர். 1660 இல் கொட்டியாரத்தில் சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த றொபேட் நொக்ஸ், ஸ்ரீபன் றட்லண்ட் என்ற தோழருடன் 1679 ஒக்ரோபர் 12 ஆம் நாள் அநுராதபுரத்திலிருந்து புறப்பட்டார். இருவரும் அருவியாற்றின் போக்கைத் தொடர்ந்து காட்டினூடே நடந்து, 18 ஆம் நாள் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். மல்வத்து ஓயா என்று தெற்கே வழங்கப்படும் இவ்வாறு செட்டிகுளப் பகுதியின் தெற்குப் புறமாகவே கடலை நோக்கிச் செல்கின்றது. எனவே இன்றைய செட்டிகுளத்தாரின் காட்டோரமாகவே அவ்விருவரும் நடந்திருத்தல் வேண்டும். வன்னியின் தமிழ்த் தலைவனான கயிலை வன்னியனின் ஆட்சிப் பரப்பையும் நொக்ஸ் குறிப்பிடுகிறார். அவனுடைய மக்களின் கண்ணிற் படாமற் செல்லவே அவர் விரும்பினார்.

அவருடைய நூல் 1681 இல் இலண்டனில் வெளியாயிற்று. அதில் இரு செய்திகள் நமக்கு வேண்டியன. முதலாவது, அவர்கள் சொன்ன பொய். அநுராதபுரத்துக்குச் செல்லும் வழியிலே அரசனின் அதிகாரியொருவர் அவர்களை விசாரித்தபோது, உலர்ந்த மான் இறைச்சி வாங்க வந்தோம் என்றனர். அதிகாரி ஐயுறவில்லை. மாறாக, வறண்ட காலமாதலால் இப்போது மான் பிடிக்க இயலவில்லையே என்று வருந்தினார். பொய் எப்போதும் நம்பத்தக்க உண்மையொன்றின் மேலேயே நிற்கும். மலைநாட்டிலிருந்து வடக்கே வந்து வற்றல் இறைச்சி வாங்கிச் செல்வது அன்று இயல்பான வாணிகமாக இருந்தது என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. மழையைப் பொறுத்தே வேட்டையின் பருவம் அமைந்தது என்பது அதிகாரியின் மறுமொழியிலிருந்து பெறப்படும்.

இரண்டாவது, அவர்களுடைய மூட்டை. பத்து நாளைக்கான அரிசி, இறைச்சி, மீன், மிளகு, உப்பு. சமைக்க ஒரு பாத்திரம். நீர் மொள்ள இரண்டு சுரைக்குடுவை. மழை வந்தால் கீழே படுத்துறங்கக்கூடிய இரு பெரிய தாளிப்பனை ஓலை. சர்க்கரை, தின்பண்டம், புகையிலை, வெற்றிலை. ஒன்று பழுதானால் மற்றொன்று உதவும் என்று இரண்டு மூன்று தீத்தட்டிப் பெட்டி. முள் தைக்காதபடி செருப்புச் செய்து கொள்ள ஒரு மான் தோல். கையில் நீண்ட தடியிற் பொருத்திய சிறு கோடரி, இடையில் கத்தி. இப்பட்டியலைச் சற்று நின்று படித்தல் நன்று. தேவையற்ற பொருள் ஒன்றேனும் இதில் இல்லை. ஓலை கூடாரமாகிறது, விரித்தால் மழைக்குக் குடை, மடித்தால் பாரமற்றது. தோலை முன்கூட்டியே செருப்பாக்காமல் தோலாகவே கொண்டு சென்றனர். ஈடு செய்ய முடியாத தீத்தட்டியே பல எண்ணிக்கையில் இருந்தது. இன்று காடேறுவோருக்கெனக் கடைகளில் விற்கப்படும் பைகளைப் பற்றிய அறிவுரை நூல்கள் பல பக்கங்களில் விரித்துச் சொல்வனவெல்லாம் இந்த ஒரு பத்தியில் அடங்கியிருக்கின்றன.

எதை எடுப்பது, எதை விடுவது என்ற வினா அப்பகுதி மண்ணில் பிற்காலத்தில் வேறு விதமாகவும் எழுந்தது. 2009 இல் போர் முடிந்தபோது இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் கையில் அகப்பட்டதைச் சுமந்து கொண்டு வந்து முகாம்களில் அடைபட்டனர். அவற்றுட் பெரியதான மெனிக் பாம், செட்டிகுளப் பிரிவில் காடு வெட்டி அமைக்கப்பட்டது. 2012 செப்ரெம்பரிலேயே மூடப்பட்டது. அம்மக்களின் மூட்டைகளை நொக்ஸ் போல எவரும் பட்டியலிட்டு நூலாக்கவில்லை.

வேட்டைக்கே மீள்வோம். முதிர்ந்த புள்ளிமான் கலையொன்று ஏறத்தாழ 70 கிலோ நிறையுள்ளது. தலை, குடல், தோல், குளம்பு என்பவற்றை நீக்கினால் ஏறக்குறையப் பாதி எஞ்சும். எலும்பை நீக்கின் மேலும் குறையும். முப்பது கிலோவுக்குச் சற்றுக் குறைவான தசை என்று வைத்துக் கொள்வோம். பச்சை இறைச்சியின் நிறையில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர். மெல்லிய கீற்றாக வகிர்ந்து, உப்பிட்டு, பரணில் இட்டு வெயிலிலும் புகையிலும் உலர்த்தினால் எஞ்சுவது எட்டு, ஒன்பது கிலோ. இருவர் தண்டு கட்டிச் சுமக்க வேண்டியிருந்த விலங்கு இப்போது ஒரே உமலுக்குள் அடங்கிவிட்டது. அதுவும் கெடாது; மாதக்கணக்கில் இருக்கும். மரை இருநூறு கிலோவையும் தாண்டும் விலங்காதலின் அதற்கு இம்முறையின்றி வேறு வழியே இல்லை. வற்றலை உணவு பேணும் முறையாக மட்டும் நாம் எண்ணி வந்துள்ளோம். அது முதன்மையாகச் சுமை குறைக்கும் முறை என்பதே பொருந்தும். பையைப் பெரிதாக்குவதற்குப் பதிலாக இறைச்சியைச் சிறிதாக்கினர்.

வேடரிடமோ இன்னொரு வழி இருந்தது. மரப்பொந்திலே தேனை ஊற்றி, இறைச்சியை அதனுள் இட்டு, களிமண்ணால் வாயை மூடிப் பஞ்ச காலத்துக்கென விட்டுவைப்பர் என்று நொக்ஸ் எழுதுகிறார். இதன்படி இறைச்சியைச் சுமக்கவே வேண்டியதில்லை, காடே களஞ்சியம். ஆயினும் அவர்களும் சுமக்க வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. இரும்பு வேண்டும்போது இரவிலே இறைச்சிச் சுமையைக் கொண்டுவந்து கொல்லனின் பட்டறையில் தொங்கவிட்டு, வேண்டிய அம்புமுனையின் வடிவில் வெட்டிய இலையையும் அதனருகே கட்டிவிட்டுச் செல்வர். கொல்லன் அம்பு செய்து வைத்தால் மேலும் இறைச்சி வரும். செய்யாவிடின் அவன் உயிருக்கே ஆபத்து. 1911 இல் வேடரைப் பற்றி நூல் வெளியிட்ட செலிக்மன் தம்பதியர், ரிட்டி என்னும் மரத்தின் பட்டையாற் செய்த பைகளையும், தேனெடுக்கப் பயன்படும் மான்தோற் கலத்தையும் விவரித்துள்ளனர். கிழக்கே வாழ்ந்த வேடரைப் பற்றிய இக்குறிப்பை வன்னித் தமிழருக்கு அப்படியே பொருத்துதல் தவறு. எனினும் பட்டையும் தோலும் பையாகும் என்பதற்கு இது சான்று.

வன்னியிலே ஓலையும் நாருமே பெருவழக்கு. பனையோலை உமல், கடகம், ஆத்திநார்க் கயிறு, தோளிற் குறுக்கே வைத்து இருபுறமும் தொங்கவிடும் காவுதடி என்பன கமக்காரனின் அன்றாடப் பொருள்கள். வேட்டைக்கெனத் தனியே எதுவும் செய்யப்படவில்லை. நெல்லைச் சுமந்த சாக்கே மானையும் சுமந்தது. பிற்காலத்தில் உரப்பை வந்தபோது அதுவே சாக்கின் இடத்தைப் பிடித்தது. ஓலையுமலில் இடைவெளி உண்டு, காற்று ஊடாடும், குருதி கசிந்து வெளியேறும். நெருக்கமாக நெய்த உரப்பையிலோ வெக்கை அடைபட்டு இறைச்சி விரைவில் நாறும். பாரம் தாங்குவது, நனையாதிருப்பது ஆகியவற்றில் உரப்பை சிறந்தது. இறைச்சிக்கு உமலே சிறந்தது.

இங்கு ஒரு வினா எழும். முதுகிற் சுமக்கும் சட்டம் நம்மிடையே ஏன் தோன்றவில்லை? 1991 இல் அல்ப்ஸ் மலைப் பனியிலிருந்து மீட்கப்பட்ட, ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதனின் பக்கத்தில் வளைத்த கொம்பும் இரு பலகைகளும் கிடந்தன. அவை முதுகுச் சட்டத்தின் பாகங்கள் என்றே ஆய்வாளர் பலர் கொள்வர். அமெரிக்காவில் 1920களில் லொயிட் நெல்சன் என்பவர் அலாஸ்காப் பழங்குடியினரின் சுமைச் சட்டத்தைப் பார்த்து மரச்சட்டப் பையொன்றை ஆக்கி விற்றார். 1950களின் தொடக்கத்தில் டிக் கெல்ட்டி அலுமினியச் சட்டத்தையும் இடுப்புப் பட்டியையும் இணைத்தார். தோளில் அழுந்திய பாரம் அதனால் இடுப்புக்கு மாறியது. இன்று மான் தொடை முழுவதையும் கட்டித் தூக்கும் வேட்டைப் பைகள் இவ்வழி வந்தவையே. குளிர்நாட்டில் இறைச்சி நாட்கணக்கிற் கெடாது. எனவே பச்சையாகவே, எலும்போடும் நெடுந்தொலைவு சுமக்கலாம், தனியொருவனாகவும் செல்லலாம். அங்கே சட்டம் வேண்டும். நம் காட்டில் பச்சை இறைச்சி நெடும்பயணத்தைத் தாங்காது. அண்மையாயின் இருவர் தண்டில் தூக்குவர், சேய்மையாயின் உலர்த்துவர். தாழ்ந்த கிளைகளும் சூரை முள்ளும் நிறைந்த பற்றைக்குள் முதுகுக்கு மேல் நீளும் சட்டம் ஒவ்வோர் அடியிலும் சிக்கும் என்பதும் ஒரு காரணமாகலாம். ஈழத்துத் தமிழரிடையே முதுகுச்சுமை மரபு நிலைத்த இடம் மலையகத் தேயிலைத் தோட்டம் ஒன்றே. கொழுந்துக் கூடையின் கயிறு அங்கே பெண்ணின் தலையில் மாட்டப்பட்டது. அது காடு கற்பித்த முறையன்று. இரு கைகளையும் கொழுந்துக்கு ஒப்புக்கொடுக்க வேண்டிய கட்டாயத்தால் வந்தது. கண்ணப்பரின் இடர்ப்பாடே அங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இச்சமநிலை குலைந்தது. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் 1854 இல் வெளியிட்ட நூல் எண்ணற்ற வேட்டைகளின் விவரணம். அதில் துவக்குகளைப் பற்றிய ஆய்வு மிகுதி. சுமையைப் பற்றிய கவலை குறைவு. காரணம் வெளிப்படை: சுமந்தவர்கள் கூலியாட்கள். தன் தோளிற் சுமக்காதவனுக்குக் கொல்வதில் எல்லை இல்லை. ஒரு நாளில் எத்தனை யானை, எத்தனை மான் என்று கணக்கெழுதுவது, இறைச்சியைக் கொண்டுவர வேண்டிய கடப்பாடு இல்லாதவனுக்கே இயலும். அவ்வினத்தைச் சேர்ந்த வேட்டைப் பிரியரே 1894 இல் விலங்குகளைக் காக்கவென ஒரு சங்கத்தை நிறுவினர். அவர்களுடைய அக்கறை பொய்யானதென்று கூற மாட்டேன்; இன்றைய சரணாலயங்கள் பலவற்றுக்கு அதுவே வித்து. ஆனால் அவர்கள் குற்றஞ்சாட்டியது வற்றலும் தோலும் விற்ற கிராமவாசியையே என்பதை மறத்தற்கில்லை.

முற்றிலும் கிராமவாசி மாசற்றவன் என்று வாதிடுவதும் நேர்மையாகாது. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரையான புகையிரதப் பாதை 1914 இல் செட்டிகுளத்தினூடாகத் திறக்கப்பட்டது. அதுவரை தோளும் வண்டியும் விதித்த எல்லை அன்றோடு நீங்கியது. தொலைதூரச் சந்தைக்கு இறைச்சி செல்லக்கூடிய காலத்தில் வீட்டுக்குப் போதும் என்ற அளவு நிலைப்பது அரிது. வண்டியும் மோட்டார்ச் சைக்கிளும் காட்டு விளிம்புவரை வந்த பின்னர் ஒரு விலங்கென்ன, பல விலங்குகளின் இறைச்சியும் ஒரே இரவில் நகரை அடையலாம்.

1937 ஆம் ஆண்டின் இரண்டாம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இதனை நன்கு உணர்ந்தே இயற்றப்பட்டதாகத் தோன்றுகிறது. காக்கப்பட்ட விலங்கைக் கொல்வது மட்டுமன்று, அதன் இறைச்சியை உடைமையில் வைத்திருப்பதும் விற்பதும் குற்றமாயின. செட்டிகுளத்தை அடுத்த மடு வீதிப் பகுதி சரணாலயமாகி, 2015 இல் தேசிய வனமாயிற்று. மானையும் மரையையும் வேட்டையாடுதல் இன்று தண்டனைக்குரியது. அடர்ந்த காட்டுக்குள் துவக்கு வெடித்த கணத்தைக் காண்பவர் எவருமில்லை. பிடிபடுவது பெரும்பாலும் பாதையோரத்தில், சுமையோடு வரும்போதே. துவக்கைப் பற்றைக்குள் மறைத்துவிட்டு வரலாம். சுமையை மறைத்தால் வேட்டைக்குப் போனதன் பயனே இல்லை. ஆதலால் நீதிமன்றத்தின் மேசைக்கு வந்து சேர்வது ஆயுதமன்று. குருதி தோய்ந்த ஒரு சாக்கு அல்லது உரப்பை. வழக்கு முடிந்தால் அதுவும் அழிக்கப்படும். ஓலையுமலோ அதற்கு முன்பே கறையான் வாய்ப்பட்டு மறைந்துவிட்டது.