ஆறு வாரமும் இரண்டு வருஷமும்

ஒரு தை மாதத்துப் பிற்பகலில், ஏற்காட்டை அடுத்த செம்மநத்தத்தில், பறித்துப் பரப்பிய காபிப் பழம் வெயிலில் காய்ந்து கறுத்துக்கொண்டிருந்த ஒரு வீட்டு வாசலில், கைப்பேசியைத் திண்ணைத் தூணில் சாய்த்துவைத்து, மடியில் நோட்டைப் பிரித்துக்கொண்டு, எங்கோ ஒரு நகரத்தில் ஒரு பேராசிரியர் நடத்திய வகுப்பைக் கவனித்துக்கொண்டிருந்த ஒரு மலையாளிப் பெண்ணைக் கண்டேன். கேரளத்தாரைக் குறிக்கும் பெயரன்று இது. சேர்வராயன் மலையில் வாழும் பழங்குடி மக்களுக்கு இப்பக்கத்தில் வழங்கும் பெயர். வகுப்பு முடிந்ததும், என்ன படிப்பு என்று விசாரித்தேன். "எம்.எஸ்.டபிள்யூ.ங்க ஐயா. பாடமெல்லாம் இதுலயே வந்துருதுங்க. பீல்டு ஒர்க்குக்கு மட்டுந்தான் நடக்கணும்" என்றாள். சமூகப்பணி முதுகலைப் படிப்பு அது.

பிறர் துன்பத்தைத் துடைக்கும் தொழிலை வீட்டிலிருந்தபடியே, அதுவும் விரைவாக, கற்றுவிட முடியுமா என்று சந்தேகிப்பவர் பலர். அவர்களுக்கு ஒரு பழைய விஷயத்தை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது: இந்தக் கல்வி பிறந்ததே அவசரத்தில்தான். இரக்கம் மட்டும் போதாது, தர்ம காரியத்திற்கும் பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று மேரி ரிச்மண்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1897-ல் டொராண்டோ மாநாட்டில் வாதாடினார். மறு வருஷக் கோடையில் நியூயார்க் நகரத்துத் தர்ம காரியச் சங்கம் ஒரு வகுப்பைத் தொடங்கியது. அதன் காலம் 6 வாரம். ஏழை வீட்டுப் படியேறிப் போய் விசாரிக்கும் ஊழியர்களுக்கு உடனடியாகத் தெரிய வேண்டியவற்றை அந்த 6 வாரத்தில் திணித்துக் கொடுத்தார்கள். 1904-ல் அது ஓராண்டுப் படிப்பாக வளர்ந்து, பிறகு இரண்டாண்டாகி, இன்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் சமூகப்பணிப் பள்ளியாக விளங்குகிறது. வேகம் இந்தத் துறைக்கு அந்நியமானதல்ல. காலத்தை நீட்ட வேண்டும் என்று கண்டுகொண்டவர்களும் வகுப்பறைக்காக மட்டும் அதை நீட்டவில்லை. மாணவர் தெருவில் செலவிட வேண்டிய நாட்களுக்கும் அந்த நீட்சியில் இடம் உண்டு.

இந்தியாவுக்கு இது வந்த வழியும் தெரு வழியே. கிளிஃபர்டு மான்ஷார்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார், பம்பாய் நாக்பாடாவின் நெரிசல் மிகுந்த சேரிப்புறத்தில் ஒரு சமூக இல்லத்தை நடத்தி, அங்கு கண்டவற்றிலிருந்தே பயிற்சிக் கூடத்தின் அவசியத்தை உணர்ந்து, டாட்டா அறக்கட்டளையின் ஆதரவுடன் 1936-ல் ஸர் தொராப்ஜி டாட்டா பட்டப் பள்ளியைத் தோற்றுவித்தார். 1944-ல் அது டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று பெயர் பெற்றது. மான்ஷார்ட்டுக்குப் பின் அதன் இயக்குநர் பீடத்தில் அமர்ந்தவர் ஒரு தமிழர், காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பாவின் சகோதரர் ஜே. எம். குமரப்பா. ஒரு சகோதரர் கிராமக் கைத்தொழிலுக்கும் மற்றவர் நகரத்துத் துயரத்திற்கும் தம்மை ஒப்புவித்த அந்தக் குடும்பத்தைப் பற்றித் தமிழில் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டும்.

சென்னைக்கு இந்தக் கல்வியைக் கொணர்ந்தவர் மேரி கிளப்வாலா ஜாதவ். 1909-ல் உதகமண்டலத்தில் ஒரு பார்ஸிக் குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே கணவரை இழந்து, சேவா சங்கத்தின் வேலைகளிலே தம் துக்கத்தைக் கரைத்துக்கொண்ட அவ்வம்மையார், உலக யுத்தத்தின்போது போர்வீரர்களுக்கான உபசாரக் குழுவை நடத்திய அனுபவத்தால், நல்ல மனம் படைத்த தொண்டர்கள் எத்தனை பேர் இருந்தாலும் முறையறிந்த ஊழியர் இல்லாத குறை தீராது என்பதைத் தெளிந்தவர். அவருடைய முயற்சியால் 1952-ல் சென்னைச் சமூகப்பணிப் பள்ளி உதயமாயிற்று. அதே வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி மத்திய சர்க்கார் சமுதாய நலத் திட்டத்தைத் தொடங்கி, சில மாதப் பயிற்சி மட்டும் பெற்ற கிராம சேவகர்களை ஊர் ஊராக அனுப்பத் தலைப்பட்டது. சென்னையில் நிதானமான படிப்பும் கிராமங்களில் துரிதப் பயிற்சியும் ஒரே வருஷத்தில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் என்று சொல்லலாம். 1960-ல் கேப்டன் டி. வி. பி. ராஜா மதுரையில் மற்றொரு நிறுவனத்தைக் கண்டார்.

இவையெல்லாம் சமவெளியின் சரித்திரம். மலைக்கு என்ன வந்தது? சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை 1820-களில் காபியைக் கொணர்ந்தது முதல் சேர்வராயன் மலை எஸ்டேட்டும் லயனும் மேஸ்திரியுமாக மாறத் தொடங்கியது. 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 300 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டம் ஒவ்வொன்றும் நல அதிகாரியை நியமிக்க வேண்டும் என்று விதித்தது. சமூகப்பணி படித்தவர்களுக்கு உத்தியோகத்தின் வாசலைத் திறந்தவற்றுள் ஒன்று அது. 500 தொழிலாளர் உள்ள ஆலைக்கு அதே கடமையை விதித்த 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் மற்றொன்று. ஆனால் 300 பேர் இல்லாத சிறு தோட்டத்திற்கு அந்தச் சட்டத்தில் அந்தக் கடமை இருக்கவில்லை. தன் சொந்தப் புனத்தில் ராகியும் சாமையும் விதைத்துக்கொண்டிருந்த மலையாளிக் குடியானவனோ சட்டத்தின் கண்ணிலேயே படவில்லை.

அவனுக்கென்று ஓர் ஏற்பாடு அதற்கு முன்பே இருந்தது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்களில் பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினார்கள் என்பது இம்மக்களின் ஐதிகம். சேர்வராயன் மலையில் சேலநாடு, மொகநாடு, முட்டநாடு என மூன்று நாடுகள். நாட்டுக்குப் பட்டக்காரர் உண்டு. கல்யாணமானாலும் வழக்கானாலும் அவர் முன்னிலையில் நடக்கும். நகரத்திலிருந்து கிராம முகாமுக்கு வரும் மாணவருக்கு, யாரிடம் முதலில் பேச வேண்டும், எந்தத் திண்ணையில் உட்காரலாம் என்பதைக் கற்கவே முகாமின் பாதி நாட்கள் கழிந்துவிடும். செம்மநத்தத்துப் பெண்ணுக்கு அது தாய்ப்பாலோடு வந்த ஞானம்.

இருப்பினும் அந்த ஞானத்திற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அவளே சொன்னாள். ஊரில் எல்லாரும் அவளுக்கு அத்தை, சித்தப்பா, அண்ணி. கணவனிடம் அடிபடும் ஒருத்தி, அதை அவளிடம் சொன்னால் மாமியார் காதுக்குப் போய்விடுமோ என்று அஞ்சுகிறாள். அதே பெண் முன்பின் தெரியாத ஒருவரிடம் மனம் விட்டு அழுகிறாள். கேட்டதைக் காப்பாற்றுவதும், உறவைச் சற்று ஒதுக்கிவைத்துக் கேட்பதும் பழகித்தான் வரவேண்டும். மேற்பார்வையாளர் ஒருவர் பக்கத்திலிருந்து திருத்தாமல் அந்தப் பழக்கம் வாராது என்பது என் திடமான அபிப்பிராயம்.

மலைப்பிள்ளைகளைப் பட்டப்படிப்பிலிருந்து விலக்கி வைத்தது அறிவுக் குறைவன்று. 20 கொண்டை ஊசி வளைவுகளும், சென்னையிலோ மதுரையிலோ இரண்டு வருஷ விடுதிச் செலவும், அந்த இரண்டு வருஷமும் வீட்டுக்கு வராமற்போகும் கூலியுமே விலக்கின. 1979-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், 1981-ல் சென்னைப் பல்கலைக்கழகமும் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியபோது பாடம் தபால்காரர் பையில் மலையேறியது. 1985-ல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. சமூகப்பணி முதுகலையும் அவற்றின் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. 2020-ஆம் வருஷத்துப் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் இணையவழிப் பட்டத்திற்கும் ஒழுங்கு வகுத்தன.

அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 2010-லேயே இந்த முதுகலையை இணையத்தில் நடத்தத் தொடங்கிவிட்டது. இளங்கலையிலேயே சமூகப்பணி பயின்றவர் அங்கே ஏறத்தாழ ஒரே வருஷத்தில் முதுகலை முடிக்கலாம். இங்கும் 2020-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கை, நான்காண்டு இளங்கலை முடித்தவருக்கு ஓராண்டு முதுகலை என்ற வழியைக் காட்டியிருக்கிறது. ஆனால் அமெரிக்காவின் சமூகப்பணிக் கல்விக் கவுன்சில் முதுகலைக்கு வகுத்த 900 மணி நேரக் களப்பணியின் பெரும் பகுதியை ஓராண்டுக்காரரும் முடித்தாக வேண்டும்; இளங்கலையில் ஏற்கெனவே செய்த களப்பணிக்கே விலக்கு. பாடத்தைச் சுருக்கினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. களப்பணியை ஒரு மணி நேரம் குறைத்தாலும் ஆட்சேபம் உண்டு.

புறப்படுமுன் அவளுடைய களப்பணிக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒரு பையனை உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்க்கச் சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் தவித்த வீட்டுக்கு அவள் போய்வந்த நாளின் பக்கம் அது. தகப்பனின் பெயர் ஒரு காகிதத்தில் ஒருவிதமாகவும் மற்றதில் வேறுவிதமாகவும் இருந்ததைக் கண்டுபிடித்து, இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எந்த அலுவலகத்தில் எதைத் திருத்த வேண்டும் என்று குறித்திருந்தாள். நேரம் என்ற கட்டத்தில் 2 மணி என்று போட்டிருந்தது. அந்த வீடு எவ்வளவு தூரம் என்று கேட்டேன். எஸ்டேட் வழியாகப் போனால் ஒரு மணி நேர நடை, வரும்போது ஏற்றம் என்பதால் இன்னும் கூடும் என்றாள்.

"அதை ஏனம்மா எழுதவில்லை?"

"வீட்ல உக்காந்து பேசினதுதாங்க கணக்கு. நடந்தது எல்லாரும் நடக்குறதுதானுங்களே" என்று சொல்லிக் குறிப்பேட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, பனி இறங்குமுன் குவிக்க வேண்டும் என்று காபிப் பழத்தைக் கூட்டத் தொடங்கினாள்.