டேபிளுக்குள்ள டேபிள்: ஒரு அரியரின் வரலாறு

போன வாரம் அக்கா பொண்ணு வாட்ஸப்புல ஒரு போட்டோ அனுப்பியிருந்தா. கோவையில பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டாம் வருஷம் படிக்கிறா. வெப் டிசைன் லேப் ரெக்கார்டு நோட்டுல ஒரு பக்கம் அது. டேபிள் டேக் பயன்படுத்தி ஒரு கல்லூரியின் முகப்புப் பக்கத்தை வடிவமைக்கவும்னு பயிற்சி. கீழே அவளோட கேள்வி: "மாமா, இதுக்கு எதுக்கு டேபிள்? யூடியூப்ல எல்லாரும் கிரிட்னு சொல்றாங்க. மேடம்கிட்ட கேட்டா போர்ஷன்ல இருக்கு, எழுதுங்கிறாங்க."

ரெண்டு வரியில பதில் போட்டுட்டுப் போயிருக்கலாம். ஆனா அந்த டேபிள் டேக்கைப் பார்த்ததும் எனக்குக் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சுடுச்சு. இருபது வருஷத்துக்கு மேலா நான் சுமக்கிற பாவம் ஒண்ணு இதுக்குள்ள இருக்கு. அதையும் சேர்த்துச் சொன்னாத்தான் பதில் முழுசாகும். நீளமான பதிவுங்க, ஆணி அதிகமா இருக்கிறவங்க அப்பாலிக்கா வந்து படிங்க :-)

வருஷம் 2003. நான் கடைசி வருஷம். எங்களுக்கும் வெப் டிசைன் லேப் உண்டு. லேபில் மொத்தம் ரெண்டு வரிசை. ஒரு வரிசையில விண்டோஸ் 98. எதிர் வரிசையில லினக்ஸ், அதுல ஒரு அரதப்பழசான பிரவுசர். (பேர் வேணாம். செத்துப்போனவங்களைப் பத்தித் தப்பாப் பேசக்கூடாது.) சார் போர்டுல எழுதிப்போடுவார், நாங்க நோட்பேடுல தட்டச்சு செய்வோம். மேலே லோகோவுக்கு ஒரு கட்டம், இடப்பக்கம் மெனுவுக்கு ஒரு கட்டம், நடுவுல விஷயம். கட்டத்துக்குள்ள இன்னொரு டேபிள், அதுக்குள்ள இன்னொண்ணு. பார்டர் பூஜ்ஜியம்னு கொடுத்தா கோடு மறைஞ்சிடும், பார்க்கிறவனுக்கு உள்ளே டேபிள் இருக்குன்னே தெரியாது. ஒரு கட்டத்தை மூட மறந்தா மொத்தப் பக்கமும் கோணிக்கும். எந்தக் கட்டம்னு தேடுறதுக்குள்ள லேப் ஹவர் முடிஞ்சிடும்.

இப்படி ஒரு கூத்து எப்படி வந்துச்சுன்னு அப்போ எனக்குத் தெரியாது. சாரும் சொல்லலை. பின்னாடி நானே தேடிப் படிச்சதுதான் இது.

டிம் பெர்னர்ஸ் லீ ஜெனீவா பக்கத்துல செர்ன் ஆய்வுக்கூடத்துல வலையை உருவாக்கினப்போ, அவருக்கு வேண்டியிருந்தது விஞ்ஞானிகள் தங்களுக்குள்ள ஆவணங்களைப் பகிர ஒரு வழி. 1989-ல் திட்டம் எழுதிக் கொடுத்தார், 1991-ல் வலை வெளியுலகத்துக்கு வந்தது. அவரோட ஹெச்டிஎம்எல்-ல் தலைப்பு, பத்தி, பட்டியல், சுட்டி, அவ்வளவுதான். எது தலைப்புன்னு நீங்க சொல்லணும். அதை எப்படிக் காட்டுறதுங்கிறது பிரவுசர் பாடு. 1993-ல் மொசைக் பிரவுசர் எழுத்துக்கு நடுவுலயே படத்தையும் காட்ட ஆரம்பிச்சதும் கதை மாறிடுச்சு. விஞ்ஞானிங்க இருந்த இடத்துக்குப் பத்திரிகைக்காரங்களும் விளம்பரக்காரங்களும் வந்துட்டாங்க. அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: அச்சுல வர்ற மாதிரி அழகா வரணும்.

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ரெண்டு தேதி வருது. 1994 அக்டோபர் 10. ஹோகன் வியூம் லீ (அவரும் அப்போ செர்ன்லதான் இருந்தார்) ஒரு யோசனையை முன்வைக்கிறார்: விஷயம் ஒரு இடத்துல இருக்கட்டும், அலங்காரம் தனி இடத்துல இருக்கட்டும். அதுதான் சிஎஸ்எஸ்-க்கு விதை. மூணே நாள் கழிச்சு, அக்டோபர் 13-ல், நெட்ஸ்கேப் தன்னோட முதல் பீட்டாவை வெளியிடுது. ஒரு பக்கம் முறையா யோசிச்ச ஒரு காகிதம், இன்னொரு பக்கம் எல்லாரும் இறக்கிக்கிற ஒரு மென்பொருள். எது ஜெயிச்சிருக்கும்னு சொல்லவா வேணும்?

1995-ல் நெட்ஸ்கேப் 1.1-ல் டேபிள் வந்தது. புள்ளிவிவரம் போடத்தான் அது. ஆனா பக்கத்தைப் பத்தி பத்தியாப் பிரிக்கத் தவிச்சுக்கிட்டிருந்தவங்களுக்கு அது பாயசமாப் போச்சு. 1996-ல் டேவிட் சீகல்னு ஒரு வடிவமைப்பாளர் இதையெல்லாம் தொகுத்து ஒரு புத்தகமே போட்டார். கண்ணுக்குத் தெரியாத ஒத்தைப் புள்ளி ஜிஃப் படம் ஒண்ணை வச்சு, அதை இழுத்து இழுத்து இடைவெளி உண்டாக்குற வித்தை அவராலதான் உலகம் பூராப் பரவுச்சு. ஒண்ணுமில்லாததுக்கு ஒரு படம்! அடுத்த வருஷமே, 1997-ல், வலையைக் கெடுத்ததே நான்தான்னு அவரே ஒரு கட்டுரையும் எழுதினார். இப்படி ஒத்துக்கிறதுக்கும் ஒரு மனசு வேணும்.

சிஎஸ்எஸ் சும்மா இருக்கலை. பெர்ட் பாஸ் கூடச் சேர்ந்தார், 1996 டிசம்பரில் முதல் பதிப்பு அதிகாரபூர்வமா வந்தது. ஆனா பிரவுசர்கள்? மைக்ரோசாஃப்ட் அதே வருஷம் எக்ஸ்ப்ளோரர் 3-ல் கொஞ்சூண்டு சேர்த்தது. நெட்ஸ்கேப்போ ஜாவாஸ்கிரிப்ட் ஸ்டைல் ஷீட்னு சொந்தமா ஒண்ணு கொண்டுவந்து, கடைசியில சிஎஸ்எஸ்-ஐயும் அதுக்கு மேலேயே ஒட்ட வச்சது. நெட்ஸ்கேப் 4-ல் ஜாவாஸ்கிரிப்டை அணைச்சா சிஎஸ்எஸ்-உம் சேர்ந்து அணைஞ்சிடும். ஒரு பெட்டியோட அகலம்னா என்னங்கிறதுல கூட ஒத்துமை இல்லை. உள்ளே இருக்கிற விஷயத்தோட அகலம் மட்டும்தான்னு விதி சொல்லுச்சு. ஓரத்து இடைவெளியும் பார்டரும் சேர்த்துத்தான்னு எக்ஸ்ப்ளோரர் 5 கணக்குப் போட்டுச்சு. (திட்டாதீங்க, என்னைக் கேட்டா மைக்ரோசாஃப்ட் சொன்னதுதான் நியாயம். அட்டைப்பெட்டி வாங்குறவன் பெட்டியைத்தானே அளப்பான்? பிற்பாடு சிஎஸ்எஸ்-லயே அதுக்கு ஒரு பண்பு சேர்த்தாங்க. ஆனா விதியை மீறினது மீறினதுதான்.)

இந்த அக்கப்போர் தாங்காம 1998-ல் ஜெஃப்ரி ஜெல்ட்மன் மாதிரி ஆளுங்க சேர்ந்து வெப் ஸ்டாண்டர்ட்ஸ் ப்ராஜெக்ட் ஆரம்பிச்சாங்க. 2002-ல் வயர்டு தளம் டேபிளைத் தூக்கிட்டு சிஎஸ்எஸ்-க்கு மாறுச்சு. 2003 மே மாசம் டேவ் ஷே 'சிஎஸ்எஸ் ஜென் கார்டன்' தளத்தைத் திறந்தார். ஒரே ஹெச்டிஎம்எல் பக்கம். அதுல ஒரு எழுத்து கூட மாறாது. ஸ்டைல் ஷீட்டை மட்டும் மாத்தினா ஒரு தடவை மூங்கில் காடு, ஒரு தடவை சினிமா போஸ்டர்.

இதை நான் பார்த்தது பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டர்ல, மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. சும்மா சொல்லலைங்க, நெஜமாவே வரலை. மறுநாள் காலையில ஹாஸ்டல்ல ரூம்மேட்டை உட்கார வச்சு, "டேய், நாம படிக்கிறதெல்லாம் தப்புடா"ன்னு ஆரம்பிச்சவன்தான், ரெண்டு மாசம் விடலை. அவன் என்னை மாதிரி இல்லை. சார் என்ன சொன்னாரோ அதை அப்படியே செய்றவன். டேபிள் அவனுக்குக் கைவந்த கலை. நான்தான் அரிச்சு அரிச்சு, டேபிள் போடுறது அசிங்கம்னு நம்ப வச்சேன். ஃப்ளாப்பியில கோடு எடுத்துட்டு வந்து, பிரவுசிங் சென்டர்ல எக்ஸ்ப்ளோரர் 6-ல் ரெண்டு பேரும் சேர்ந்தே பழகினோம்.

நவம்பர் பிராக்டிகல். சீட்டு எடுத்துத்தான் சிஸ்டம். எனக்கு விண்டோஸ் வரிசை, அவனுக்கு லினக்ஸ் வரிசை.

ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் எழுதினோம். ஒவ்வொரு பெட்டியையும் இந்த இடத்துல நில்லுன்னு ஸ்டைல் ஷீட்ல சொல்லி நிறுத்தி வச்சோம். எக்ஸ்டர்னல் என்கிட்ட வந்தார், பார்த்தார், தலையாட்டினார். அவன்கிட்ட போனார். பக்கம் நல்லாத்தான் தெரிஞ்சுது. சரியாத் தெரியணுமேன்னு ஜன்னலைப் பெருசாக்கினார். அவ்வளவுதான். மெனு, தலைப்பு, படம் எல்லாம் கலைஞ்சு இடப்பக்கம் ஒண்ணு மேல ஒண்ணா விழுந்துடுச்சு. ஜன்னல் அளவை மாத்தினா அந்த பிரவுசர் ஸ்டைலை எல்லாம் மறந்துடும். அது அதோட வியாதி. மறுபடி ரீலோட் பண்ணினா சரியாகும். அது அவனுக்குத் தெரியாது. எனக்கும் அன்னைக்குத் தெரியாது.

"டேபிள் எங்கப்பா?"ன்னு கேட்டார். இவன் சிஎஸ்எஸ் சார்னான். "சிலபஸ்ல லேஅவுட்டுக்கு என்ன போட்டிருக்கு?" பதில் இல்லை. ஃபெயில்.

அடுத்த பிராக்டிகல் அடுத்த நவம்பர்லதான். ஜனவரியில கேம்பஸுக்கு ஒரு கம்பெனி வந்தப்போ நிலுவையில அரியர் இருக்கிறவங்க உட்காரக் கூடாதுன்னுட்டாங்க. நான் உட்கார்ந்தேன். அவன் என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தான். அதுக்கு மேல அதைப் பத்தி எழுத முடியலைங்க.

பல வருஷம் அந்த எக்ஸ்டர்னலை மனசுக்குள்ள திட்டிக்கிட்டிருந்தேன். இப்போ யோசிச்சா அவர் கேட்டது அப்படியொண்ணும் தப்பில்லை. கண்ணு முன்னாடி பக்கம் உடைஞ்சு கிடக்கு. டேபிள் போட்ட முப்பது பேர் பக்கம் ரெண்டு வரிசையிலயும் உடையலை. டேபிள் புத்தியில்லாதவங்க கண்டுபிடிச்சது இல்லை, அன்னைக்கு எல்லா பிரவுசர்லயும் நின்ன ஒரே வண்டி அதுதான். எங்க பாடத்திட்டத்தோட உண்மையான கோளாறு வேற. இது ஒரு ஒட்டுவேலை, இன்ன காரணத்தால வந்தது, இதுக்கு மாத்து வந்துக்கிட்டிருக்குன்னு ஒரு வரி சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வரி இல்லாததாலதான் எனக்கு அது அசிங்கமாத் தெரிஞ்சுது, அவனுக்கு வேதமாத் தெரிஞ்சுது.

விஷயம் வேற, அலங்காரம் வேறன்னு மத்தவங்களை விட நமக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கணும். அப்போ தமிழ்த் தளங்கள் எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம். தாப், தாம், திஸ்கி, அது போதாதுன்னு பத்திரிகைக்கு ஒண்ணு. 1999-ல் சென்னையில தமிழ்நெட் 99 மாநாடு நடந்து தாமும் தாபும் அரசுத் தரமான பிறகும் குழப்பம் ஓயலை. ஃபான்ட் டேக்கை எடுத்துட்டா தமிழ் தமிழாவே இருக்காது, கொம்பும் புள்ளியும் முளைச்ச ஆங்கில எழுத்துக் குப்பைதான் மிஞ்சும். அதாவது பக்கத்துல இருந்தது தமிழே இல்லை, தமிழோட அலங்காரம்தான். தேடுபொறியில தமிழ்ல தேடினா எப்படிக் கிடைக்கும்? யூனிகோடுல தமிழ் 1991-லயே இருந்தது. விண்டோஸ் 2000-ல் லதா எழுத்துருவோட வந்து, பிரவுசிங் சென்டர்களுக்கு எக்ஸ்பி வந்து, அப்புறம்தான் தமிழ் பக்கத்துக்குள்ள எழுத்தாவே உட்கார்ந்துச்சு. அதுக்கப்புறமும் பழைய ஃபயர்பாக்ஸ்ல பத்தியை ரெண்டு ஓரமும் சமமா நிறுத்தினா கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் சிதறும். டெம்ப்ளேட்டைத் திறந்து அந்த ஒரு வரியை எடுங்கய்யான்னு எத்தனை பேருக்குப் பின்னூட்டம் போட்டிருப்போம்! நம்மில் பாதிப் பேர் சிஎஸ்எஸ் கத்துக்கிட்டதே அப்படித்தானே.

மிச்சக் கதை வேகமா ஓடிடுச்சு. 2004-ல் ஃபயர்பாக்ஸ், 2006-ல் எக்ஸ்ப்ளோரர் 7, 2010-ல் ஈதன் மார்காட்டோட ரெஸ்பான்சிவ் டிசைன். 2017 மார்ச்ல கிரிட் ஒரே மாசத்துல குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூணுலயும் வந்தது. கிரிட்னா என்ன? வரிசை, பத்தி, கட்டம். எங்க சாரோட டேபிளேதான், ஆனா இந்தத் தடவை ஸ்டைல் ஷீட் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கு. 1994-ல் கேட்டது கிடைக்க இருபத்திரண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு.

ரூம்மேட் அந்த அரியரை டேபிள் போட்டே க்ளியர் பண்ணினான். அப்புறம் சென்னையில ஒரு சின்னக் கம்பெனியில சேர்ந்தான், மின்னஞ்சல் விளம்பரம் வடிவமைக்கிற வேலை. 2007-ல் அவுட்லுக், மின்னஞ்சலைக் காட்ட எக்ஸ்ப்ளோரர் எஞ்சினை விட்டுட்டு வேர்டு எஞ்சினுக்கு மாறுச்சு. வேர்டுக்கு சிஎஸ்எஸ் லேஅவுட்டெல்லாம் பிடிபடாது. மறுபடி டேபிள், டேபிளுக்குள்ள டேபிள். ஊரே மறந்த வித்தை இவன் கையில இருந்துச்சு. இப்போ அதே வேலையில ஒரு டீமையே நடத்துறான்.

அக்கா பொண்ணு கேள்வியை வச்சு அவனுக்கு போன் போட்டேன். பழசையும் சொல்லி, "என்னாலதானடா"ன்னேன். "ஆமா, உன்னாலதான்"னான். சிரிக்கலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "அவ காலேஜ் லேப்ல எந்த பிரவுசர்னு கேட்டியா?"ன்னான்.

கேட்டேன். குரோம்தானாம். டேபிள்ல ஒண்ணு, கிரிட்ல ஒண்ணு, ரெண்டும் எழுதி வச்சிருக்காளாம். மேடம் எதுக்கு மார்க் போடுவாங்கன்னு தெரியலையாம்.