கீழாநெல்லியும் ஆஸ்திரேலியா ஆன்டிஜெனும்

போன வாரம் ஓபிக்கு 42 வயசுக்காரர் ஒருத்தர் வந்தார். கண் மஞ்சள், வயிற்றில் நீர் கோத்திருந்தது, காலில் வீக்கம். கூட வந்த மனைவி சொன்னார்: "காமாலைன்னதும் கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடுத்தோம் சார். உப்பில்லாப் பத்தியமும் இருந்தார். கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருந்துச்சு. நாலு மாசம் ஓடிருச்சு."

ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ். ஸ்கேனில் கல்லீரல் சுருங்கி, சிரோசிஸ்.

நாலு மாசத்தில் வந்த சிரோசிஸ் இல்லை இது. வைரஸ் பல வருஷமாக உள்ளே இருந்திருக்கிறது. ஆனால் இந்த நிலையில் நாலு மாசம் என்பது ரொம்பப் பெரிய நேரம்.

அவங்களைக் குறை சொல்ல இதை எழுதலை. "கீழாநெல்லியை எந்த ஆங்கில மருத்துவரும் ஆராய்ச்சி பண்ணலை"ன்னு நம்புறவங்க இருக்காங்க. "ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்சாச்சு"ன்னு ஃபார்வர்டு அனுப்புறவங்களும் இருக்காங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

கதை அமெரிக்காவில் ஆரம்பிக்குது. பரூக் பிளம்பெர்க் என்ற மருத்துவர். அவர் ஹெபடைடிஸைத் தேடிப் போனவரே இல்லை. ஒரே நோய் ஒருத்தரைத் தாக்குது, இன்னொருத்தரை விட்டுடுது, ஏன்? ரத்தப் புரதங்களில் மனுஷனுக்கு மனுஷன் இருக்கிற பரம்பரை வித்தியாசம்தான் காரணமான்னு பார்த்துக்கிட்டிருந்தார். அதுக்காக உலகம் முழுக்க ரத்த மாதிரிகள் சேகரித்தார்.

அவர் போட்ட கணக்கு எளிமையானது. நிறைய தடவை ரத்தம் ஏத்திக்கிட்டவங்க உடம்பில், அடுத்தவங்க புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி உருவாகியிருக்கும். அவங்க சீரத்தை மற்ற சீரங்களோடு ஜெல் தட்டில் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் விட்டால், பொருந்துகிற இடத்தில் வெள்ளைக் கோடு விழும்.

1963-ல் அப்படி ஒரு கோடு விழுந்தது. ஒரு பக்கம் நியூயார்க் ஹீமோஃபீலியா நோயாளியின் சீரம். மறுபக்கம் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவருடையது. அதனால் அந்தப் புரதத்துக்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பேர் வைத்தார்கள். 1965-ல் கட்டுரை வெளியானபோதுகூட ரத்தப் புற்றுநோயோடு தொடர்புன்னுதான் யோசித்தார்கள்.

திருப்பம் ரெண்டு பேரால் வந்தது. முதலில் டவுன் சிண்ட்ரோம் இருந்த ஒரு நோயாளி. அவருக்கு முதலில் ஆன்டிஜென் இல்லை. பிறகு எடுத்த ரத்தத்தில் இருந்தது, கூடவே கல்லீரல் பாதிப்பும் தெரிந்தது. அடுத்து, 1967-ல் பிளம்பெர்க்கின் ஆய்வகத்திலேயே வேலை பார்த்த பார்பரா வெர்னர். உடம்பு சரியில்லை, சோர்வு. தன் ரத்தத்தைத் தானே எடுத்து டெஸ்ட் பண்ணினார். கோடு விழுந்தது. அப்புறம் காமாலையும் வந்தது. நல்லவேளை, குணமானார்.

ஆக, அந்தப் புரதம் பரம்பரைச் சமாச்சாரமே இல்லை. ஹெபடைடிஸ் பி வைரஸின் மேல்தோல். இன்னிக்கு நீங்க லேபில் எடுக்கிற எச்பிஎஸ்ஏஜி டெஸ்ட் தேடுவது அதைத்தான்.

அப்புறம் எல்லாம் வேகமா நடந்தது. ரத்த வங்கிகளில் பரிசோதனை வந்தது. 1976-ல் பிளம்பெர்க்குக்கு நோபல். 1981-ல் அமெரிக்காவில் தடுப்பூசிக்கு அனுமதி. 1984-ல் தைவான் பிறந்த குழந்தைகளுக்குப் போட ஆரம்பித்தது, சில வருஷங்களில் அங்கே குழந்தைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் பாதியாகக் குறைந்தது. ஒரு தடுப்பூசி புற்றுநோயைக் குறைக்கும்னு உலகம் பார்த்தது அப்போதான்.

ஆனால் தடுப்பூசி வராமல் தடுக்கும். ஏற்கெனவே வைரஸ் உள்ளே இருக்கிறவருக்கு அதால் பிரயோஜனம் இல்லை. அவங்களுக்கு என்ன வழி?

இங்கேதான் நம்ம கீழாநெல்லி வருது. பல நாட்டு மக்கள் காமாலைக்குப் பயன்படுத்துகிற செடிகளை பிளம்பெர்க் குழுவினர் தேட ஆரம்பித்தார்கள். அந்தக் குழுவில் வெங்கடேஸ்வரன் என்ற விஞ்ஞானியும் இருந்தார். கீழாநெல்லிச் சாறு, வைரஸ் பெருகத் தேவையான நொதியைச் சோதனைக் குழாயில் தடுத்தது. 'வுட்சக்' என்று அணில் குடும்பத்துப் பிராணி ஒன்று உண்டு. அதுக்கும் இதே மாதிரி வைரஸ் வரும். அதிலும் பலன் தெரிந்தது. இது 1987.

அடுத்து மனுஷங்க. அந்த ஆய்வு நடந்தது சென்னையில். நடத்தியது சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் எஸ்.பி. தியாகராஜன் குழு (பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனார்). பொடியாக்கிய செடி ஒரு பிரிவுக்கு, வெறும் போலி மருந்து இன்னொரு பிரிவுக்கு. 30 நாள். 1988-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது.

செடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ஆன்டிஜென் காணாமல் போயிருந்தது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருத்தருக்கு.

இந்த எண்கள் எவ்வளவு பெரிசுன்னு சொல்றேன். இன்னிக்கு நாங்க குடுக்கிற டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் வைரஸை அடக்கி வைக்கும், கல்லீரலைக் காப்பாற்றும். ஆனால் ஆன்டிஜெனே மறையறது வருஷத்துக்கு நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான். 30 நாளில் 59 சதவீதம் என்பது உண்மையா இருந்திருந்தால், இந்தப் பதிவை நான் வேற மாதிரி எழுதியிருப்பேன். சந்தோஷமா!

உலகம் அதைக் கண்டுக்காம விடலை. உடனே திரும்பச் செய்து பார்த்தார்கள். 1990-ல் தாய்லாந்து ஆய்வு அதே லான்செட்டில் வந்தது: பலன் இல்லை. 1994-ல் நியூசிலாந்து: பலன் இல்லை. செடி எந்த மண்ணில் வளர்ந்தது, எந்த இனம் என்பதால் மாறுதா என்ற கேள்வியும் வந்தது. நியாயமான கேள்விதான். 1987 கட்டுரையில் செடியின் பேர் 'ஃபைலாந்தஸ் நிருரி', 1988-ல் 'ஃபைலாந்தஸ் அமாரஸ்'. அவ்வளவு குழப்பம். ஆனால் 2011-ல் காக்ரேன் அமைப்பு 16 ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோதும், இதை மருந்துன்னு பரிந்துரைக்கப் போதுமான ஆதாரம் இல்லைன்னுதான் முடிவு.

சென்னைக்காரங்க தப்பு பண்ணிட்டாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். 60 பேரை வைத்துச் செய்த முதல் ஆய்வு அது. முறையா சோதித்து, மத்தவங்க சரிபார்க்கிற மாதிரி எண்களை வெளியில் வைத்தார்கள். என் பார்வையில் நம்ம செடிக்கு அதைவிடப் பெரிய மரியாதை யாரும் செய்ததில்லை. வாட்ஸ்அப்பில் சுத்துறது அந்த 1988 மட்டும். 1990 வருவதே இல்லை.

"எங்க தாத்தாவுக்குக் கீழாநெல்லியில்தான் சரியாச்சே டாக்டர்?" சரியாகியிருக்கும். கெட்டுப்போன தண்ணீர், சாப்பாடு வழியா வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகும். ஹெபடைடிஸ் பி-யே பெரியவங்களுக்குப் புதுசா தொற்றினால், நூறில் 95 பேர் உடம்பு அதை விரட்டிடும். அந்தச் சமயத்தில் என்ன குடிச்சிருந்தாலும் அதுக்குத்தான் பேர்.

பிரச்சினை, பிறக்கும்போது அம்மாவிடமிருந்து வாங்கிக்கிட்டவங்களுக்கு. அவங்களில் 90 சதவீதம் பேருக்கு வைரஸ் தங்கிடும். முப்பது நாற்பது வருஷம் சத்தமே இருக்காது. அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசின்னு அடிச்சுச் சொல்றோம்.

ஓபிக்கு வந்தவர் வார்டில் இருக்கார். மாத்திரை ஆரம்பிச்சாச்சு, வயிற்று நீர் குறையுது. இனி ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஸ்கேன், வாழ்நாள் முழுக்க. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் நெகட்டிவ், தடுப்பூசி போட ஆரம்பிச்சுட்டோம்.

தம்பிக்கு 36 வயசு, ஒரு தொந்தரவும் இல்லை. டெஸ்ட் பண்ணினால் பாசிட்டிவ். "அண்ணன் குடிச்சதை நானும் ஒரு மண்டலம் குடிச்சுப் பார்க்கட்டுமா சார்?"ன்னு கேட்டார். மேலே எழுதின கதையைத்தான் அவருக்குச் சொன்னேன். வைரல் லோடு அனுப்பியிருக்கோம். வெள்ளிக்கிழமை ரிசல்ட் வாங்க வர்றேன்னு சொல்லியிருக்கார்.

பி, சி ரெண்டுக்கும் தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அந்தத் திட்டம் 2018 ஜூலை 28-ல் தொடங்கியது. உலக ஹெபடைடிஸ் தினமான அந்த நாள் பிளம்பெர்க்கின் பிறந்தநாளும்கூட. எச்பிஎஸ்ஏஜி எடுக்காதவங்க ஒரு தடவை எடுத்துப் பாருங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, ட்யூட்டி முடிஞ்சதும் பதில் போடுறேன்.